விபத்து நஷ்டஈடு வழக்கில் நாமே பேசலாமா?



சென்ற மாதக் கூட்டத்தில் தையல் வேலை செய்யும் ஒரு சகோதரி எழுந்து கேட்டார்: "அக்கா, வண்டி மோதி கால் போச்சு. வக்கீல் வைக்கக் காசு இல்ல. நானே கோர்ட்டுல பேச முடியுமா?" சிலர் சிரித்துவிட்டார்கள். சிரிக்கிற கேள்வி இல்லை அது. இந்த மாதப் பாடமே அதுதான்.

முடியும். சாலை விபத்தில் காயம்பட்டவர், 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவின்படி தானே மனு கொடுத்து, தானே ஆஜராகிப் பேசலாம். மனு கொடுக்கும் இடத்துக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் மாவட்ட நீதிமன்றமும் சார்பு நீதிமன்றமும்தான் அந்த வேலையைப் பார்க்கின்றன. விபத்து எந்த ஊரில் நடந்தாலும், நாம் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே வழக்குப் போடலாம். தமிழிலேயே பேசலாம். வண்டி உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும்.

நாளைக் கடத்தக் கூடாது. 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு என்று சட்டத்தில் கெடு வந்திருக்கிறது. கெடு தாண்டியிருந்தால் 'இனி ஒண்ணும் ஆகாது' என்று நாமே முடிவு கட்டாமல், கீழே சொல்லியிருக்கும் இலவச சட்ட உதவியில் கேளுங்கள்.

முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று, ஆஸ்பத்திரி சீட்டுகள், மருந்து பில், வயதுக்குச் சான்று, ஊனச் சான்று எல்லாவற்றையும் ஒரே பையில் பத்திரப்படுத்துங்கள். ஆட்டோவில் போன செலவைக்கூட ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

இனி முக்கியமான கணக்கு. மருத்துவர் 30 சதவீத ஊனம் என்று எழுதினால், வருமான இழப்பும் 30 சதவீதம்தான் என்று அர்த்தமில்லை. அந்தக் காயம் அவரவர் தொழிலை எவ்வளவு கெடுத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லியிருக்கிறது. நம் சகோதரியையே எடுத்துக்கொள்வோம். வயது 38, மாத வருமானம் 9,000 ரூபாய் என்று வைப்போம். ஆண்டுக்கு 1,08,000. 36 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்குப் பெருக்கும் எண் 15. ஆக மொத்தம் 16,20,000. இழப்பு 30 சதவீதம் என்றால் 4,86,000 ரூபாய். மிதிக்கிற கால் போனதால் தையல் வருமானத்தில் 60 சதவீதம் போனது என்று தீர்ப்பாயம் ஏற்றால் 9,72,000 ரூபாய். மருத்துவச் செலவும் வலிக்கான தொகையும் தனி. "கால் வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் பாதித் தொகை போய்விடும். "முன்னே ஒரு நாளைக்கு ஆறு ஜாக்கெட் தைப்பேன், இப்ப ரெண்டுக்கு மேல முடியல" என்று சொல்ல வேண்டும்.

அந்த 9,000-ஐ எப்படி நிரூபிப்பது? நமக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. ஆனால் குழுப் பதிவேடு இருக்கிறதே! தையல் மிஷினுக்குக் கடன் கொடுத்த தீர்மானம், மாதாமாதம் தவணை கட்டிய வரவு, சேமிப்புப் புத்தகம் இவையெல்லாம் அவர் சம்பாதித்தார் என்பதற்குச் சான்றாகக் காட்டத் தக்கவை. ஊக்குநரோ பிரதிநிதியோ சாட்சி சொல்லலாம். ஆனால் விபத்துக்குப் பிறகு பழைய தேதி போட்டு எதையும் எழுதாதீர்கள். குறுக்கு விசாரணையில் ஒரு பொய் வெளிப்பட்டால் உண்மையான கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள். வீட்டு வேலை மட்டும் பார்ப்பவரா? அந்த உழைப்புக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தனியாகப் போக முடியும் என்பதால் தனியாகவே போக வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக வேண்டும். எதிரில் பழகிய வக்கீல் நிற்பார். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண் என்றாலே வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ கேளுங்கள். மனுவை ஒருமுறையாவது அவர்களிடம் காட்டிவிட்டுப் போடுவது நல்லது. ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து "வர்றதுல இத்தனை பங்கு" என்று பேசுபவரிடம் கவனம். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது வக்கீல்களின் நடத்தை விதிக்கே எதிரானது. எழுதாத தாளில் கையெழுத்துப் போடவே கூடாது.

லோக் அதாலத்தில் கம்பெனி ஒரு தொகை சொல்லும். சீக்கிரம் கைக்கு வரும், உண்மைதான். ஆனால் அங்கே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது. மேலே போட்ட கணக்கை வீட்டிலேயே போட்டு, கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். தீர்ப்பாயத்தின் தீர்ப்பில் குறை இருந்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். தகராறில் உள்ள தொகை 1 லட்சத்துக்குக் குறைவு என்றால் முடியாது.

அந்தச் சகோதரியின் குழு, அடுத்த கூட்டத்தில் அவருடைய கடன் தீர்மானத்துக்கும் தவணை வரவுக்கும் நகல் எடுத்துக் கொடுப்பதாக எழுதியிருக்கிறது. முதல் வாய்தாவுக்குக் கூடப் போக இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.