நோன்பும் சர்க்கரை நோயும்: ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் பார்க்கும் முறை



ரமலான் நெருங்கும்போதெல்லாம் நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுகிறது. "அத்தாவுக்குச் சர்க்கரை இருக்கிறதே, நோன்பு நோற்கலாமா?" என்பதே அது. கேட்ட மாத்திரத்தில் கைப்பேசியில் பதில்கள் வந்து குவிகின்றன. "நோன்பு நோற்றால் சர்க்கரை நோய் அடியோடு போய்விடும் என ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்துவிட்டனர்" என்கிறது ஒரு செய்தி. "நோற்றால் உயிருக்கே ஆபத்து" என்கிறது இன்னொன்று. ஆராய்ந்தவர் யார், எந்த ஆண்டில், எத்தனை பேரிடம் என்ற விவரம் இரண்டிலுமே இல்லை.

விசாரிப்பது கடமை

தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பது திருக்குர்ஆனின் கட்டளை (49:6). ஹதீஸ் கலை அறிஞர்கள் செய்தியின் வாசகத்தை மட்டும் பார்க்கவில்லை. அதை அறிவித்தோரின் வரிசையாகிய ஸனதையும் ஆராய்ந்தார்கள். திருப்புட்குழி, காஞ்சிபுரம் வட்டார நெசவாளர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாவு இல்லாமல் ஊடு மட்டும் சேலையாகாது. அதுபோல, சொன்னவர் யாரென்று தெரியாத மருத்துவச் செய்தியும் நிற்காது.

வீட்டிலிருந்தே நூலகம்

திருப்புட்குழி போன்ற சிற்றூரில் வாழ்பவர் மருத்துவ ஆய்வைப் பார்க்க விரும்பினால் முன்பெல்லாம் பெரிய நகரத்து மருத்துவ நூலகத்தையே நாட வேண்டும். இன்று அந்த அலைச்சல் இல்லை. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் "பப்மெட்" என்னும் இணையப் பட்டியலை 1997 முதல் கட்டணமின்றி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அதில் 3 கோடியே 50 லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைக் குறிப்புகள் உள்ளன. கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ உடனிருந்தால் போதும்.

தேடும் முறை

1. கேள்வியை முழு வாக்கியமாக எழுதாமல் முக்கியச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் இடுங்கள். நாம் "ரம்ஜான்", "ரமலான்" என்கிறோம். ஆய்விதழ்களிலோ "ரமதான்" என்ற எழுத்துக்கூட்டலே மிகுதி. அதனுடன் "டயாபடிஸ்" என்ற சொல்லைச் சேர்த்து, இரண்டுக்கும் நடுவே "ஆண்ட்" என்று இட்டால், இரண்டும் இடம்பெறும் கட்டுரைகள் மட்டுமே வரும்.

2. "ஃபாஸ்டிங்" என்று மட்டும் தேடினால், வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையும், தண்ணீர் அருந்திக்கொண்டே இருக்கும் உணவுக் கட்டுப்பாடும் கலந்து வரும். அவை நம் நோன்பல்ல.

3. பக்கத்தின் ஓரத்திலுள்ள வடிகட்டிகளில் ஆண்டையும், "ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்" என்பதையும் தேர்ந்தெடுத்தால், இலவசமாக முழுமையாய்ப் படிக்கக்கூடியவை கிடைக்கும்.

4. தலைப்போடு நின்றுவிடாதீர்கள். சுருக்கத்தைப் படித்து, யாரை ஆராய்ந்தார்கள், பணம் தந்தது யார் என்று பாருங்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் அந்த அறிவிப்பும் அங்கேயே காணப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு

இவ்வாறு தேடினால் "எபிடியார்" என்ற ஆய்வு கண்ணில் படும். 2001-ல் இந்தியா உட்பட 13 நாடுகளில் 12,243 சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தப்பட்டு, 2004-ல் வெளிவந்தது. இரண்டாம் வகை நோயாளிகளில் 79 சதவீதத்தினர் ரமலானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றிருந்தனர். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்த நிகழ்ச்சிகள் இவ்வகையினரிடம் 7.5 மடங்காயின.

"7.5 மடங்கு" என்பதை மட்டும் கேட்டால் நெஞ்சு படபடக்கும். கட்டுரையைப் படித்தால்தான் உண்மை அளவு தெரியும்: மாதத்துக்கு 100 பேருக்கு 0.4 ஆக இருந்தது 3 ஆயிற்று. நோற்போர் அனைவருக்கும் ஆபத்து என்பதும் தவறு. ஆபத்தே இல்லை என்பதும் தவறு. அந்த மூவரில் ஒருவர் நம் தாயாகவோ தந்தையாகவோ இருக்கலாம் அல்லவா?

உலக நீரிழிவுக் கூட்டமைப்பு மற்றோர் அமைப்புடன் இணைந்து 2021-ல் புதுப்பித்த வழிகாட்டியும் தேடினால் கிடைக்கும். ரமலானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நோன்பு வேளையிலும் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்று அது கூறுகிறது. விரல் நுனியில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்றும் விளக்குகிறது.

முடிவு செய்வது யார்?

ஆய்வுக் கட்டுரை ஃபத்வா அல்ல. மருந்துச் சீட்டும் அல்ல. கட்டுரையைப் படித்துவிட்டு மாத்திரையையோ இன்சுலினையோ தாமாகக் குறைப்பது பெருந்தவறு. படித்ததைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொன்னதை ஆலிமிடம் எடுத்துச் சொல்லி, களாவா, ஃபித்யாவா என்று தெளிவு பெறுங்கள். நோயாளிக்குச் சலுகை அளித்தவன் அல்லாஹ்வே (2:184, 185). அவன் அளித்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவு ஆகாது. சலுகை பெற்ற முதியவரைக் குறையாகப் பேசுவதும் நமக்குத் தகாது.

இனி இத்தகைய செய்தி வந்தால், பிறருக்கு அனுப்புமுன் அதன் ஸனதைத் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் அது உங்களோடு நிற்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் நோன்புகளை ஏற்று, நோயுற்றோருக்கு நற்சுகம் அருள்வானாக! ஆமீன்.