ஊரும் உணவும்

நெடுந்தொலைவு பயணம் செய்வோர், வண்டி மாறுவதற்காக இடையே ஓர் ஊரில் சில மணி நேரம் தங்க நேர்வதுண்டு. அப்பொழுதை வீண்பொழுது என்று எண்ணிச் சலிப்போர் பலர். நிலையத்து இருக்கையில் அமர்ந்து, எங்கும் கிடைக்கும் தின்பண்டம் ஒன்றை வாங்கித் தின்று, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பர். ஆனால், அறிய விரும்பும் பயணிக்கு மூன்று மணி நேரமும் பெரும்பொழுதே. ஊர் முழுவதையும் சுற்றிப் பார்க்க அது போதாதிருக்கலாம். அவ்வூரார் உண்ணும் உணவை ஒரு வேளை உண்டு, “இஃது எங்கே விளைந்தது? இதனை ஏன் இவ்வாறு சமைக்கின்றனர்?” என்று வினவுவதற்கு அது போதும். ஊரின் நிலமும் நீரும், வரலாறும் பண்பும் அவ்வொரு வேளை உணவில் அடங்கியிருக்கின்றன. இவ்வுண்மையைக் கடலூர், சிதம்பரம் என்னும் இரண்டு ஊர்களைக் கொண்டு காண்போம்.

விழுப்புரத்திலிருந்து தெற்கே மயிலாடுதுறைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் இவ்விரண்டு ஊர்களும் உள்ளன. கடலூரை அடையுமுன் பண்ணுருட்டி என்னும் ஊர் எதிர்ப்படும். கோடைக்காலமாயின், பலாப்பழத்தின் மணமே அவ்வூர் வந்துவிட்டதை அறிவிக்கும். அங்குள்ள செம்மண் நிலத்தில் பலாவும் முந்திரியும் செழித்து வளர்கின்றன. அவற்றுள் பலா நம் நாட்டு மரம். முந்திரியோ, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரால் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது. இன்று முந்திரிப்பருப்பு இல்லாத சர்க்கரைப் பொங்கலை நாம் எண்ணிப் பார்க்கவும் இயலாது. விருந்தாக வந்த மரம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. ஒரு பிடி பருப்பை வாங்கி உண்பவன், கடல் கடந்து வந்த வரலாறு ஒன்றையும் கையில் ஏந்தியிருக்கின்றான்.

கடலூர், தன் பெயரிலேயே கடலைக் கொண்டது. கெடிலம் என்னும் ஆறு இவ்வூரின் வழியே சென்று கடலிற் கலக்கின்றது. ஊரின் பழைய பகுதியாகிய முதுநகரில் துறைமுகம் உள்ளது. காலையில் படகுகள் கரை சேர்ந்ததும் மீன்கள் ஏலத்திற்கு வரும். வஞ்சிரம் முதலிய பெருமீன்கள் பல, பனிக்கட்டி இட்ட பெட்டிகளில் தொலைவிலுள்ள ஊர்களுக்குப் போகும். நெத்திலி, மத்தி முதலிய சிறுமீன்கள் எளியோர் அடுப்புக்கும் வந்து சேரும். புளி கரைத்து, மிளகாயும் மல்லியும் அரைத்துக் கூட்டிக் கொதிக்கவைத்த நெத்திலிக் குழம்பு சுடுசோற்றோடு சேருமாயின், அஃது எந்த விருந்துக்கும் குறைந்ததன்று.

ஆயினும், கடல் எந்நாளும் ஒரே வகையாக நமக்கு ஈவதில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், நம் மாநிலத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாது என்பது அரசின் ஆணை. மீன்கள் முட்டையிட்டு இனம் பெருக்குவதற்காக இவ்வோய்வு அளிக்கப்படுகின்றது. அந்நாட்களில் வரும் பயணி, விரும்பிய மீன் இல்லையே என்று உணவு விடுதியாரிடம் சினம் கொள்வது முறையன்று. இன்று நாம் பொறுத்தால்தான் நாளை வருவோர்க்கு மீன் உண்டு.

வண்டி மேலும் தெற்கே செல்லும்போது பரங்கிப்பேட்டையும் கிள்ளையும் வருகின்றன. இப்பகுதியில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட உப்பங்கழியில் பிச்சாவரம் காடு உள்ளது. அங்கு வளரும் தில்லை என்னும் மரத்தின் பெயரே சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயராயிற்று. நீருக்குள் பின்னிக் கிடக்கும் மரவேர்களின் இடையே இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் பகைக்குத் தப்பி வளர்கின்றன. வளர்ந்த பின் கடலை நாடுகின்றன. ஆகவே, காடு அழிந்தால் கடலில் வீசும் வலையும் வெறுமையாகும். இலையில் இடப்படும் இறால் வறுவலுக்குக் காடும் ஒரு தாய் என்பதை உண்பவர் உணரவேண்டும்.

சிதம்பரத்தில் இறங்கினால், நடராசர் கோயிலைச் சூழ்ந்துள்ள நான்கு தேர் வீதிகளுக்கும் நடந்தே செல்லலாம். அங்குள்ள சிற்றுண்டிச்சாலைகளில் இட்டிலிக்குத் துணையாகக் கொத்சு கிடைக்கும். கத்தரிக்காயைச் சுட்டோ வதக்கியோ மசித்து, புளிக்கரைசலில் சேர்த்து, மல்லி விதை, கடலைப்பருப்பு, மிளகாய், பெருங்காயம் ஆகியவற்றை வறுத்துப் பொடித்துக் கூட்டி, நல்லெண்ணெயில் தாளிப்பர். கத்தரிக்காய் சிலர்க்குப் பிடிப்பதில்லை. அவர்களும் இக்கொத்சை உண்டபின் இன்னும் சிறிது கேட்பர்.

கொத்சின் பழந்துணை இட்டிலியன்று, சம்பா சாதமே. இவ்விரண்டும் நடராசர்க்குப் படைக்கப்படுவன. சம்பா அரிசிச் சோற்றில் மிளகும் சீரகமும் பொடித்து இட்டு, நெய் பெய்து செய்வது சம்பா சாதம். அதிற் காரம் தருவது மிளகு. கொத்சிற் காரம் தருவதோ மிளகாய். மிளகு நம் மேற்கு மலைகளில் தொன்றுதொட்டு விளைவது. மிளகாய், அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியே வந்தது; 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நம் முன்னோர் அதனை அறியார். சோற்றில் மிளகு, கொத்சில் மிளகாய்! ஓரிலையில் இரண்டு காலங்கள் அருகருகே அமர்ந்திருக்கின்றன.

அரிசிக்கும் ஒரு வரலாறு உண்டு. சிதம்பரத்திற்கு மேற்கே, காட்டுமன்னார்கோயிலை அடுத்து வீராணம் ஏரி உள்ளது. 907 முதல் 955 வரை ஆண்ட முதற் பராந்தக சோழனின் காலத்தில் வெட்டப்பட்ட ஏரி இது. வீரநாராயணன் என்பது அம்மன்னனின் பட்டப்பெயர். அதுவே ஏரியின் பெயராகி, வீராணம் என மருவிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வேரி வயல்களுக்கு நீர் ஈகின்றது. 2004ஆம் ஆண்டு முதல் சென்னை மக்களின் தாகத்தையும் தீர்க்கின்றது.

நிலத்தையும் வரலாற்றையும் கண்டோம். இனி, இப்பகுதியின் பண்பைக் காண்போம். மார்கழித் திருவாதிரை நாளில் இங்குக் களி சமைப்பர். அரிசியை வறுத்து உடைத்து, வெல்லமும் பயற்றம்பருப்பும் தேங்காயும் நெய்யும் சேர்த்துச் செய்வது அது. அதனைப் பற்றி வழிவழியாக ஒரு கதை கூறுவர். விறகு விற்று வாழ்ந்த சேந்தனார், நாள்தோறும் ஓர் அடியவர்க்கு உணவளித்த பின்னரே தாம் உண்பார். ஒரு நாள் பெய்த மழையில் விறகு நனைந்தது, வாங்குவார் இல்லை. வீட்டில் இருந்த சிறிது மாவைக் களியாகக் கிண்டி, வந்த அடியவர்க்கு அன்போடு படைத்தார். வந்தவர் இறைவனே என்றும், மறுநாள் தில்லைக் கருவறையில் அக்களி சிந்திக் கிடந்தது என்றும் கதை முடியும். முன்பின் அறியாத விருந்தினர்க்கு இட்ட எளிய உணவே இறைவன் உவந்த உணவு என்பது இதன் கருத்து.

கதையில் மட்டுமன்றி, நடைமுறையிலும் இப்பண்பு இங்கு வாழ்கின்றது. கடலூர்த் துறைமுகச் சந்திப்பிலிருந்து விருத்தாசலம் செல்லும் பாதையில் வடலூர் உள்ளது. சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் 1823ஆம் ஆண்டு பிறந்த இராமலிங்க அடிகள், 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அங்குச் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது காக்கப்பட்டு வருகின்றது. உண்ண வருவோரிடம் சாதியும் சமயமும் ஊரும் பேரும் கேட்பதில்லை. பசி ஒன்றே அங்கு நுழைவுச் சீட்டு. கையில் பொருளுடைய பயணி கொத்சையும் மீன் குழம்பையும் தேடி உண்ணலாம். பொருளற்ற வழிப்போக்கனுக்கும் இம்மண்ணில் ஒரு பிடி சோறு உண்டு. சுவையினும் உயர்ந்த சிறப்பு இதுவே.

மாணவர்களே! நீங்கள் வெளியூர் செல்லும்போது, இடையில் கிடைக்கும் சிறு பொழுதை வீணாக்காதீர். அவ்வூர் உணவை மகிழ்ந்து உண்ணுங்கள். அதன் வரலாற்றைப் பணிவோடு கேளுங்கள். இலையில் எதனையும் எறியாதீர். உங்கள் ஊரிலும் நாளை ஒரு வழிப்போக்கர் வந்து இறங்கலாம். அவர்க்கு எந்த உணவைக் காட்டுவீர்? அதனைப் பற்றி என்ன கூறுவீர்? அவர் பசித்து வந்தால் என்ன செய்வீர்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடிவைத்திருப்பவரே தம் ஊரை உண்மையில் அறிந்தவர் ஆவர்.