கூரை ஓட்டையில் ஒரு வெயில் கோடு

சித்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு கூரை வீடு. காலைச் சமையல் முடிந்து விட்டது. விறகு அடுப்பை அணைத்தாகி விட்டது. கூரையில் சின்ன ஓட்டை ஒன்று. அதன் வழியாக வெயில் ஒரு கம்பு போல வீட்டுக்குள் இறங்குகிறது. அந்த வெயிலில் தூசி ஆடுகிறது.

“அத்தை, அடுப்பை அணைச்சு ஒரு மணி நேரம் ஆச்சு. இந்தத் தூசி மட்டும் ஏன் கீழே விழவே மாட்டேங்குது?” என்று கேட்டாள் மருமகள்.

“அது என்னைக்கும் அப்படித்தாம்மா. வெயில் நகர்ந்தா அதுவும் போயிடும்” என்றார் மாமியார்.

வெயில் நகர்ந்தால் தூசி போய்விடுமா? போகாது. அங்கேயேதான் இருக்கும். நம் கண்ணுக்குத்தான் தெரியாது.

முறத்தில் நெல்லைப் புடைக்கும்போது என்ன நடக்கிறது? நெல் முறத்தில் விழுகிறது. பதர் காற்றில் பறக்கிறது. பொருள் சிறியதாக ஆக ஆக, அதைக் காற்று தாங்கிக் கொள்கிறது.

எவ்வளவு சிறியது? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போடுங்கள். அதில் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். நம் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். 10 மைக்ரான் அளவுள்ள தூசி ஐந்தடி உயரத்திலிருந்து தரைக்கு வர எட்டு நிமிடம் ஆகும். ஒரு மைக்ரான் தூசிக்கு அரை நாள் ஆகும். அதிலும் பத்தில் ஒரு பங்காக இருந்தால் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்! இது காற்றே அசையாத அறையில் போட்ட கணக்கு. சமையல் அறையில் சூடான காற்று மேலே எழும்பிக் கொண்டே இருக்கும். அதனால் இன்னும் நேரம் பிடிக்கும்.

விறகுப் புகையில் உள்ள துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானை விடச் சிறியவை. வெயிலில் தனித்தனியாக ஆடுகிறதே, அவை பெரிய தூசிகள். சிறியவை தனியாகத் தெரியாது. நீல நிற மூட்டமாகத்தான் தெரியும்.

சிறிய துகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது சும்மா இருக்காது. 1827ஆம் ஆண்டில் ராபர்ட் பிரௌன் என்பவர் பூவின் மகரந்தத்திலிருந்து வந்த துகள்களைத் தண்ணீரில் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். அவை துடித்துக் கொண்டே இருந்தன. யார் அசைக்கிறார்கள்? 1905இல் ஐன்ஸ்டீன் காரணம் சொன்னார். தண்ணீரின் மூலக்கூறுகள் நாலா பக்கமும் வந்து முட்டுகின்றன. அதனால்தான் துடிக்கின்றன. காற்றிலும் இதே கதைதான்.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் காதங்கி என்ற ஊர் இருக்கிறது. சுற்றிலும் மலைகள். அங்கே தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் உள்ளது. இது மத்திய அரசின் விண்வெளித் துறையைச் சேர்ந்தது. 1998இல் ஜப்பான் நாட்டாரோடு சேர்ந்து இங்கே ஒரு கருவியை நிறுவினார்கள். அதன் பெயர் லிடார்.

லிடார் இரவில் வானத்தை நோக்கிப் பச்சை நிற லேசர் ஒளியை அனுப்பும். லேசர் என்பது சிதறாமல் நேராகப் போகும் ஒரே நிற ஒளி. மேலே இருக்கும் தூசியில் பட்டுக் கொஞ்சம் ஒளி திரும்பி வரும். எவ்வளவு நேரத்தில் வந்தது என்று பார்த்தால் தூசியின் உயரம் தெரியும். மூன்று கிலோமீட்டர் உயரம் போய்த் திரும்ப, ஒரு வினாடியில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும்! கூரை ஓட்டையில் வந்த வெயில் செய்த வேலையைத்தான் இதுவும் செய்கிறது.

லிடார் தூசிக் கூட்டத்தைக் காட்டும். ஒரே ஒரு துகள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேறு வழி வேண்டும். சாதாரண நுண்ணோக்கி போதாது. துகள் கொஞ்சம் முன்னே பின்னே போனால் மங்கிவிடும். இதற்கு ஹோலோகிராம் முறை உதவுகிறது. ஹங்கேரியில் பிறந்த டென்னிஸ் காபர் 1947இல் இங்கிலாந்தில் இதைக் கண்டுபிடித்தார். இதற்காக 1971இல் நோபல் பரிசு பெற்றார்.

ஏரியில் கல்லைப் போட்டால் வட்ட வட்டமாக அலை வரும். கல் விழுந்ததைப் பார்க்காதவரும் வட்டத்தைப் பார்த்து, அது விழுந்த இடத்தைச் சொல்லிவிடலாம். லேசர் ஒளியின் வழியில் ஒரு துகள் இருந்தாலும் இப்படித்தான் ஒளி வட்டங்கள் உண்டாகும். கேமரா துகளைப் படம் எடுப்பதில்லை, அந்த வட்டங்களையே எடுக்கிறது. துகள் தூரமாக இருந்தால் வட்டம் அகலமாக இருக்கும். அதை வைத்துக் கம்ப்யூட்டர் துகள் இருந்த இடத்தைக் கணக்குப் போடும். ஒரு வினாடிக்குப் பல படங்கள் எடுத்தால், துகள் போன பாதையே கிடைத்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டுத் தூசியை ஏன் பார்க்க வேண்டும்? பெரிய தூசியை மூக்கு முடியும் சளியும் பிடித்துக் கொள்ளும். இரண்டரை மைக்ரானுக்குக் குறைந்தவை நுரையீரலின் அடி வரை போய்விடும். வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆந்திர அரசு 1999இல் தீபம் திட்டத்திலும், மத்திய அரசு 2016இல் உஜ்வலா திட்டத்திலும் ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு கொடுத்தன. ஆனாலும் சிலிண்டர் வாங்கக் காசு வேண்டுமே! பல வீடுகளில் விறகு அடுப்பும் கூடவே எரிகிறது.

அந்தக் கூரை வீட்டிலும் அப்படித்தான். அன்று இரவு அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, மருமகள் விளக்கை அணைத்தாள். டார்ச் லைட்டை அடித்தாள். வெளிச்சம் ஒரு கம்பு போலத் தெரிந்தது. அதற்குள் புகை மெல்லச் சுருண்டு நகர்ந்தது. டார்ச்சை மெதுவாகத் திருப்பினாள். அடுப்புக்கு நாலடி தள்ளித் தூளி தொங்கியது. உள்ளே எட்டு மாதக் குழந்தை தூங்கிக் கொண்டிருந்தது. தூளியைச் சுற்றியும் அதே புகை.

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“காலையில அந்தக் கயிற்றை அவுத்துக் கொடும்மா. திண்ணையில கட்டிடலாம்” என்றார்.