பிடித்ததை முதலில் எழுதுங்கள்

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்து அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு (மருத்துவமனை மேற்பயிற்சிக்கு) விண்ணப்பித்தேன். ஐந்து மருத்துவமனைகளில் நேர்காணல் முடிந்தது. தரவரிசைப் பட்டியலில் எனக்குப் பிடித்த இடத்தை முதலில் போடுவதா, கிடைக்கும் என்று தோன்றும் இடத்தையா?
- வாசகி, திருச்சி

பதில்: பிடித்ததையே போடுங்கள் அம்மா. இது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதை இல்லை. உங்கள் பட்டியலையும் மருத்துவமனைகளின் பட்டியல்களையும் பொருத்திப் பார்க்கும் கணினி, முதலில் உங்கள் முதல் விருப்பத்தைப் பார்க்கும். அந்த மருத்துவமனையும் உங்களைத் தன் பட்டியலில் எழுதி, இடமும் இருந்தால் தற்காலிகமாக உட்காரவைக்கும். அவர்கள் உங்களைவிட மேலே எழுதிய ஒருவர் வந்தால் நீங்கள் எழுந்து அடுத்த இடத்துக்குப் போவீர்கள். அங்கே, அதையே முதலில் எழுதியிருந்தால் என்ன மதிப்போ, அதே மதிப்புதான். தாமதமாக வந்தீர்கள் என்று தள்ளமாட்டார்கள். இம்முறையை 1990களில் திருத்தியமைத்தவர் ஆல்வின் ராத். 2012இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

ஒரே எச்சரிக்கை: முடிவு இருதரப்பையும் கட்டுப்படுத்தும். போகவே மனமில்லாத இடத்தை எழுதாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் எழுதுங்கள். மார்ச் மாதம் ஒரு திங்கள்கிழமை, இடம் உண்டா என்று தெரியும். எங்கே என்பது அந்த வார வெள்ளிக்கிழமைதான். அந்த நான்கு நாளைக்கு மருந்து என்னிடம் இல்லை!