ஒட்டுண்ணி என்னுஞ் சொல்

பிறர் உழைப்பில் உண்டு வாழ்வோரை ஒட்டுண்ணி என்று இகழ்தல் உலக வழக்கு. அச்சொல்லின் பொருளையும் வழங்கும் முறையையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

உண்ணி என்பது உண்பது எனப் பொருள்படும். ஆடுமாடுகளின் தோலைப் பற்றிக் குருதி பருகும் சிற்றுயிருக்கும் அதுவே பெயர். மற்றோர் உயிரை ஒட்டி நின்று, அதற்கு ஊறு விளைத்து, அதனிடமிருந்தே உணவு கொள்வது ஒட்டுண்ணியாம். ஒட்டுதல் மட்டும் குற்றமன்று. மரக்கிளையில் வளரும் ஆர்க்கிடுச் செடி மரத்தினிடம் இடம் மட்டுமே பெறுதலின் ஒட்டுண்ணி ஆகாது. மாமரத்திற் காணும் புல்லுருவி நீரையும் உப்பையும் கவர்ந்து, தன் பச்சிலையால் உணவை ஆக்கிக்கொள்ளும். அஃது அரை ஒட்டுண்ணி. கஸ்குட்டா என்னும் மஞ்சட் கொடியோ பச்சிலையின்றி யாவற்றையும் கவர்தலின் முழு ஒட்டுண்ணி. அவரையின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் செடியின் சர்க்கரையை உண்டு, நைட்ரஜன் சத்தைக் கைம்மாறாக அளிக்கின்றன. இது கூட்டுவாழ்வு எனப்படும்.

இச்சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொல் பாரசைட் என்பது. அது கிரேக்க மொழியினின்று வந்தது. உணவின் அருகிருப்பவன் என்பது அதன் பொருள். பண்டை ஆதென்ஸ் நகரில் கோயில் விருந்திற் பங்குபெறும் மதிப்புடையோர்க்கு அது பெயராயிருந்தது. பின்னர் நகைநாடகப் புலவர், செல்வர் பந்தியில் முகமன் கூறி வயிறு வளர்ப்பவனை அப்பெயரால் எள்ளினர். உயிர்நூலார் அதனை மேற்கொண்டது 18-ஆம் நூற்றாண்டிலேயாம்.

இகழ்ச்சிச் சொல் சட்டமும் ஆயிற்று. சோவியத் ருஷியாவில் 1961-இல் சமூக ஒட்டுண்ணிகளை ஒறுக்கும் ஆணை பிறந்தது. 1964-இல் ஜோசப் பிராட்ஸ்கி என்னும் இளங்கவிஞர் அக்குற்றத்திற்காக ஐந்தாண்டுத் தண்டனை பெற்று வடபுலத்திற்கு அனுப்பப்பட்டார். கவிதை இயற்றுதலை நீதிமன்றம் உழைப்பாகக் கொள்ளவில்லை. 1965-இல் விடுதலையான அவரே 1987-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார்.

ஆகலின், ஒருவரை இச்சொல்லாற் சுட்டுமுன் அவர் பெறுவதை மட்டுமன்றித் தருவதையும் நோக்கல் வேண்டும். முதியோர் முன்னரே தந்தவர். குழவியர் பின்னர்த் தருபவர். பிணியாளரைப் பேணுதல் மக்கட் கடன். மாணவராகிய நாமும் இன்று பெற்றோர் உழைப்பிலேயே உண்கின்றோம். நாம் வேர்முடிச்சாவதும் மஞ்சட் கொடியாவதும், கற்ற கல்வியை யாருக்குப் பயன்படுத்துகின்றோம் என்பதைப் பொறுத்தனவாம்.