வரி செலுத்துவோரின் உரிமைகளும் கடமைகளும்

வருமான வரித் துறையிடமிருந்து கடிதம் வந்தால் இல்லத்தார் கலங்குவர். சிலர் அதனைப் பிரிக்காமலே பெட்டியில் வைத்து விடுவர். அந்த அச்சம் தேவையற்றது. அந்த அலட்சியமோ ஊறு விளைப்பது.

சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கப்படலாகாது, வசூலிக்கப்படலாகாது என்பது நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 265-ஆவது பிரிவு. ஆகவே வரி என்பது அதிகாரியின் விருப்பப்படி கேட்கப்படும் தொகையன்று. சட்டம் குறித்த அளவிற்கு மேல் ஒரு ரூபாயும் அவர் கேட்க இயலாது. ஒரு ரூபாய் குறைத்துச் செலுத்த நமக்கும் உரிமையில்லை.

2020 ஆகஸ்டு 13 அன்று வரி செலுத்துவோர் சாசனம் வெளியிடப்பட்டது. அதில் துறை அளித்த உறுதிமொழிகள் 14. நம்மிடம் எதிர்பார்ப்பன 6. மரியாதையுடன் நடத்துதல், மாறான காரணம் இல்லாதவரை நம்மை நேர்மையாளராகக் கருதுதல், நம் விவரங்களை மறைவாகக் காத்தல், மேல்முறையீட்டிற்கு வழி செய்தல் ஆகியன துறையின் பொறுப்பு. நேர்மை, சரியான கணக்கு, உரிய காலத்தில் விடையும் வரியும் நம் பொறுப்பு. நம் பிரதிநிதி நம் பெயரால் என்ன செய்கிறார் என்று அறிந்திருப்பதும் அந்த ஆறனுள் ஒன்று. நம்மவர் பெரிதும் தவறுவது இங்கேதான்.

“கையொப்பமிடச் சொன்னார், இட்டேன்” என்பது பலரும் கூறும் சொல். பெருந்தொகை திரும்பப் பெற்றுத் தருவதாகக் கூறுவோருள் சிலர், கொடாத வாடகையையும் வழங்காத நன்கொடையையும் கணக்கில் காட்டுவதுண்டு. பின்னர்க் கேள்வி எழுந்தால் விடை கூற வேண்டியவர் வரி செலுத்துவோரே. வரியும் வட்டியும் தண்டமும் அவரையே சாரும். எனவே தாக்கல் செய்யுமுன் ஒவ்வொரு கழிவிற்கும் சான்று உள்ளதா எனக் கேட்டறிதல் வேண்டும். இதில் கூச்சம் எதற்கு?

நம் குடும்பங்களுள் பல நிலமுடையன. நெல், கரும்பு, மணிலா விற்ற வருமானத்திற்கு மத்திய அரசின் வரி இல்லை. ஆதலின் அதனைக் காட்டவே வேண்டா என்று எண்ணுவது பிழை. நிகர வேளாண் வருமானம் ஆண்டிற்கு 5,000 ரூபாய்க்கு மேற்பட்டு, ஓய்வூதியம், வட்டி முதலிய ஏனைய வருமானம் விலக்கு வரம்பைக் கடந்தால், விகிதத்தைக் கணக்கிடுவதற்காக இரண்டும் கூட்டப்படும். நெல்லுக்கு வரி விதிக்கப்படுவதில்லை. ஓய்வூதியத்தின் மீதான வரி உயரக்கூடும். ஓய்வு பெற்று நிலமும் வைத்திருக்கும் ஆசிரியர்கள் இதனைக் கருதுக. பால், கோழிப் பண்ணை வருமானம் வேளாண் வருமானம் ஆகாது.

வங்கி பிடித்த வரி மிகுதியாயின், கணக்கைத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். தாக்கல் செய்யாதவருக்கு அது தானாக வந்து சேராது.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு 2026 ஏப்ரல் 1 தொடக்க நாளாகக் குறிக்கப்பட்டது. பிரிவு எண்கள் மாறியுள்ளமையால் பழைய கையேட்டை நம்பி விடை எழுதுதல் கூடாது.

கடிதம் வந்தால் முதலில் அதிலுள்ள ஆவண அடையாள எண்ணைத் துறையின் இணையதளத்தில் இட்டு, அது மெய்யானதா எனப் பார்க்க. 2019 அக்டோபர் 1 முதல் இவ்வெண் இடும் முறை உள்ளது. போலிக் கடிதங்களும் உலவுகின்றன. மெய்யாயின், விடைக்குக் குறித்த நாளைக் குறித்துக் கொள்க. வரி விதிப்பு ஆணை தவறெனத் தோன்றினால் ஆணையர் (மேல்முறையீடு) முன் முறையிட, கேட்பு அறிவிப்புக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களே உண்டு. பெட்டியில் கிடக்கும் கடிதத்திற்கும் அந்நாட்கள் கழிந்து கொண்டேயிருக்கும்.