பியூஷன் ரெஸ்டூரண்டில் விற்கப்படுவது சோறா, கதிரையா?

தெருவோர வண்டியில் விற்கும் சாப்பாட்டை எடுத்து, மங்கலான விளக்கும் செதுக்கு மரவேலையும் நிறைந்த மண்டபத்தில் வைத்து, பல மடங்கு விலைக்கு விற்க முடியுமா? முடியும் என்பதை நியூயோர்க் நகரில் 2004ஆம் ஆண்டு ஜோன் ஜோர்ஜ் வொங்கெரிக்டன் என்ற பிரெஞ்சு சமையற்கலைஞர் காட்டினார். அவர் திறந்த ரெஸ்டூரண்டின் பெயர் 'ஸ்பைஸ் மார்க்கெட்'. தாய்லாந்து, வியட்நாம், மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளின் தெருச் சாப்பாடுதான் அதன் அடிப்படை. அதை மேற்கத்திய பாணியுடன் கலந்து கொடுத்தார்கள். 'பியூஷன்' என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

இந்த ரெஸ்டூரண்டைப் பற்றி எமது வர்த்தகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை என்ன என்று சிலர் கேட்கலாம். கையில் கொஞ்சம் முதல் சேர்ந்ததும், "நல்ல ஸ்டைலாக ஒரு ரெஸ்டூரண்ட் போடுவோம்" என்ற யோசனை எம்மில் பலருக்கு வருகிறது. வெளிநாட்டில் இப்படியான ஓர் இடத்தில் ஒரு முறை சாப்பிட்டுவிட்டு, பில்லைப் பார்த்து வியந்து, "சோற்றுக்கும் இறாலுக்கும் இவ்வளவு என்றால் எவ்வளவு இலாபம்!" என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு வருபவர்களும் உண்டு. அந்த மனக்கணக்கு எங்கே பிழைக்கிறது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

வொங்கெரிக்டன் இந்தச் சமையலைப் புத்தகத்தில் படித்தவர் அல்லர். 1980களின் தொடக்கத்தில் பெங்கொக்கின் ஓரியண்டல் ஹோட்டலில் பிரெஞ்சு சமையல் செய்தவர். வேலைக்குப் போகும் வழியில் தெருக்கடைகளில் கண்ட எலுமிச்சைப் புல், இஞ்சி, தேங்காய்ப்பால், மீன் சாறு என்பன அவர் கையில் தங்கிவிட்டன. 1992இல் 'வொங்' என்ற பெயரில் தாய்லாந்து - பிரெஞ்சுக் கலவை ரெஸ்டூரண்ட் ஒன்றை நியூயோர்க்கில் திறந்தார். ஆகவே ஸ்பைஸ் மார்க்கெட் கதவு திறக்கும்போது இந்தத் துறையில் அவருக்குப் பன்னிரண்டு வருட அனுபவம் இருந்தது. 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகை அதே ஆண்டில் நான்கில் மூன்று நட்சத்திரம் வழங்கியது. கடை நிரம்பி வழிந்தது.

சாப்பிடப் போகிறவர் காண்பது என்ன?

இரண்டு தளங்கள். மண்டப அலங்காரம் பிரான்சின் பிரபல வடிவமைப்பாளர் ஜாக் கார்சியாவினுடையது. பழைய மர வேலைப்பாடுகள், தாழ்ந்த வெளிச்சம், கீழ்த்தளத்தில் குழுவாக இருந்து சாப்பிடத் தனி அறைகள். தட்டுகள் நடுவில் வைக்கப்படும். எல்லோரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும். பகிர்ந்து சாப்பிடுவது எமக்குப் புதிதல்ல, சஹனில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அங்கே அதற்கு வியாபாரக் காரணமும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு தட்டு என்றால் நான்கு பேர் நான்கு தட்டு எடுப்பார்கள். 'நடுவில் வைத்துப் பகிர்வோம்' என்றால் ஏழு, எட்டு சிறு தட்டுகள் வந்துவிடும். எவருக்கும் தான் அதிகம் எடுத்ததாகத் தோன்றாது.

மெனுவிலேயே ஒரு வித்தை உண்டு. இப்படியான ரெஸ்டூரண்டுகள் பலவற்றில் விலைக்கு முன்னால் நாணயக் குறியீடு இராது. வெறும் இலக்கம் மட்டும் இருக்கும். 2009இல் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ரெஸ்டூரண்டில் மூன்று விதமாக விலை அச்சிட்ட மெனுக்களைக் கொடுத்துப் பார்த்தார்கள்: டொலர் குறியுடன், வெறும் இலக்கத்தில், எழுத்தில். வெறும் இலக்கத்தைப் பார்த்தவர்களே கூடுதலாகச் செலவிட்டார்கள். பணத்தின் ஞாபகம் வராமல் இருப்பதே காரணமாக இருக்கலாம்.

ஸ்பைஸ் மார்க்கெட்டில் இனிப்புக்கு 'ஓவல்டின் குல்பி' என்று ஒன்று இருந்தது. எமது வீட்டு அலுமாரியில் இருக்கும் அதே ஓவல்டின்தான்! அமெரிக்க வாடிக்கையாளருக்கு அது புதுமை. வொங்கெரிக்டனின் பெயர்போன இன்னொரு தயாரிப்பு இஞ்சிச் சோறு: பொரித்த இஞ்சியும் உள்ளியும் தூவி, மேலே ஒரு முட்டை. பொரித்த சோற்றுக்கு முதல்நாள் சோறுதான் சிறந்தது என்பது எந்தச் சமையல்காரருக்கும் தெரியும். தட்டில் உள்ள பொருளின் விலை சொற்பம். அதை அதிக விலைக்கு விற்க முடிந்தது ஏன்? அந்த வாடிக்கையாளர் மனதில் அதற்கு வேறு விலை எதுவும் பதிந்திருக்கவில்லை.

கொழும்பில் நிலைமை வேறு. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் வந்த மலாய் மக்களோடு அந்தச் சமையலின் வாசனை எமது ஊர்களுக்குள் எப்போதோ வந்துவிட்டது. நாசி கொரேங் இல்லாத ஹோட்டலே கிடையாது. அதன் விலை எல்லோருக்கும் மனப்பாடம். அதே நாசி கொரேங்கை கறுப்புத் தட்டில் வைத்து நான்கு மடங்கு விலை சொன்னால், வாடிக்கையாளர் முதலில் ஒப்பிடுவது மூலைக்கடை விலையோடுதான். போதாக்குறைக்கு மெனு விலையோடு 10 வீத சேவைக் கட்டணமும் 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உள்ள வற் வரியும் சேர்கின்றன. மெனுவில் 4,000 ரூபா என்று இருப்பது பில்லில் 5,000ஐத் தாண்டிவிடும். அந்த மேலதிகப் பணம் முதலாளிக்குச் சேர்வதில்லை. ஆனால் 'அநியாய விலை' என்ற பேச்சு முதலாளிக்குத்தான் வரும்.

கதிரை - மணித்தியாலக் கணக்கு

ரெஸ்டூரண்ட் துறையில் பொதுவாக, விற்பனையில் நூற்றுக்கு 28 முதல் 35 வரை உணவுப் பொருட்களுக்குப் போகும். மிகுதி எல்லாம் இலாபம் என்று நினைப்பதுதான் முதற் பிழை. மிகுதியில் சம்பளம், வாடகை, மின்சாரம், எரிவாயு, அலங்காரச் செலவு எல்லாம் காத்திருக்கின்றன.

இதே கோர்னெலில் ஷெரில் கைம்ஸ் என்ற பேராசிரியை 1990களின் இறுதியில் ஒரு அளவுகோலை அறிமுகப்படுத்தினார். ஒரு கதிரை ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு உழைக்கிறது என்பதே அது. விமானத்தில் வெறுமையாகப் பறந்த ஆசனத்தை நாளைக்கு விற்க முடியாது அல்லவா? ரெஸ்டூரண்ட் கதிரையும் அப்படித்தான்.

நாமே ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். இலக்கங்கள் விளக்கத்துக்காக மட்டுமே. ஒரு ஸ்டைலான ரெஸ்டூரண்டில் 40 கதிரைகள். இரவு 7 முதல் 11 வரை நான்கு மணித்தியாலம். மொத்தம் 160 கதிரை - மணித்தியாலம். மெத்தென்ற ஆசனத்தில் இருப்பவர் இரண்டு மணித்தியாலம் எழுந்திருக்க மாட்டார். 60 பேர் வந்து ஆளுக்கு 3,500 ரூபா செலவிட்டால் வருமானம் 210,000. ஒரு கதிரை மணித்தியாலத்துக்கு உழைப்பது ஏறக்குறைய 1,312 ரூபா.

இப்போது புறக்கோட்டையில் பகல் சாப்பாட்டுக் கடை ஒன்று. 30 கதிரைகள், மூன்று மணித்தியாலம், மொத்தம் 90. வருகிறவர் அரை மணித்தியாலத்தில் சாப்பிட்டுக் கைகழுவிப் போய்விடுவார். 180 பேர், ஆளுக்கு 900 ரூபா, வருமானம் 162,000. ஒரு கதிரை மணித்தியாலத்துக்கு 1,800 ரூபா! தகரக் கதிரை மெத்தைக் கதிரையை வென்றுவிட்டது. புரியாணிக் கடை முதலாளிமார் அமைதியாகச் சிரிப்பதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் நியூயோர்க்காரருக்கு எப்படிக் கட்டுப்படியானது?

பதில் தட்டில் இல்லை, கிளாஸில் இருக்கிறது. இவ்வகை ரெஸ்டூரண்டுகளின் இலாபத்தில் பெரும் பங்கு மதுபானத்தினால் வருவது. விற்கும் விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் அதன் அடக்கம். சமைக்க ஆள் வேண்டாம், பழுதடையாது, வாடிக்கையாளர் மேசைக்குக் காத்திருக்கும் நேரத்திலும் விற்பனையாகும். இரண்டு மணித்தியாலம் ஒருவர் கதிரையைப் பிடித்துக்கொண்டிருப்பதை முதலாளி பொறுத்துக்கொள்வது இதனால்தான். நாம் அதை விற்கப் போவதில்லை. அதில் பேச்சுக்கு இடமும் இல்லை. ஆனால் அந்த வருமானத்தை நம்பி வரையப்பட்ட மண்டபத்தையும் ஆசனத்தையும் விலையையும் அப்படியே பிரதி பண்ணிவிட்டு, அந்த வருமானம் மட்டும் இல்லாமல் கடை நடத்தினால் என்ன நடக்கும்?

முன்னைய 40 கதிரைக் கடையையே எடுப்போம். மாத வாடகை 6 இலட்சம், சம்பளம் 10 இலட்சம், மின்சாரம் - எரிவாயு முதலியன 4 இலட்சம். அலங்காரத்துக்கும் சமையலறைக்கும் 180 இலட்சம் செலவிட்டு, அதை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 3 இலட்சம். ஆக, கதவு திறந்தாலும் மூடினாலும் மாதம் 23 இலட்சம். 3,500 ரூபா பில்லில் 35 வீதம் உணவுப் பொருட்களுக்குப் போனால் ஒருவரிடம் மிஞ்சுவது 2,275. மாதம் 26 நாள் திறந்தால், முதல் தேறுவதற்கே தினம் 39 பேர் வர வேண்டும். வெள்ளியும் சனியும் வருவார்கள். திங்களும் செவ்வாயும்?

மதுபானம் விற்பவர் கணக்கில், அதே ஆள் மேலும் 2,000 ரூபாவுக்குக் குடிக்கிறார். அதில் 1,600 மிஞ்சுகிறது. அவருக்குத் தினம் 23 பேர் போதும். அவர் மூச்சுவிடும் இடத்தில் நாம் மூச்சுத் திணறுகிறோம்.

இந்த இடைவெளியை முழுதாக இல்லாவிட்டாலும் ஓரளவு அடைக்கலாம். 200 ரூபா அடக்கத்தில் செய்யும் ஒரு நல்ல பானம் 900க்கு விற்பனையானால் 700 மிஞ்சும். வருகிற ஒவ்வொருவரும் ஒன்று எடுத்தால் 39 பேர் 30 ஆகக் குறைவர். எலுமிச்சைப் புல், புளி, இஞ்சி, இளநீர் எல்லாமே தென்கிழக்காசியச் சமையலுக்குப் பொருந்தும். எல்லாமே இங்கே கிடைக்கும். எம்மவர் கடைகளில் நடப்பது என்ன? சமையலுக்கு வெளிநாட்டுப் பயிற்சி பெற்ற ஆளைச் சம்பளத்துக்கு அமர்த்துவார்கள். பானத்துக்குப் போத்தல் சோடாவும் நெக்டோவும்! இலாபம் ஊறும் இடத்தில் யோசனையே இல்லை.

இன்னொரு விடயம், இது வாடிக்கையாளராகப் போகிறவர்களுக்கும் பொருந்தும். இந்தச் சமையலறைகளில் மிரின், ஷாவோசிங் என்ற அரிசி மதுக்கள் சோஸ்களில் சாதாரணமாகச் சேர்க்கப்படுகின்றன. 'பன்றி இல்லை' என்ற பலகை மட்டும் போதாது. பரிமாறுபவரிடம் இவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கடை போடுபவர் இவை இல்லாமல் அதே சுவையை எடுக்கத் தெரிந்த சமையல்காரரையே தேட வேண்டும்.

மெனுவை வடிகட்டவும் ஒரு முறை உண்டு. 1982இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கசவானாவும் ஸ்மித்தும் வகுத்தது. கூடுதலாக விற்று, கூடுதலாக மிஞ்சுவது நட்சத்திரம். கூடுதலாக விற்று, குறைவாக மிஞ்சுவது உழவுக் குதிரை. குறைவாக விற்று, கூடுதலாக மிஞ்சுவது புதிர். இரண்டும் இல்லாதது நாய். எமது கடைகளில் நாசி கொரேங் பெரும்பாலும் உழவுக் குதிரைதான். அதை நீக்கவும் முடியாது, விலை ஏற்றவும் முடியாது. மாதம் ஒரு முறை பில் கட்டைப் பிரித்து எண்ணினாலே எது எது என்று தெரிந்துவிடும்.

கட்டட உரிமையாளர் கையில் இருக்கும் துருப்பு

ஸ்பைஸ் மார்க்கெட் இருந்த இடம் மன்ஹாட்டனின் பழைய இறைச்சிச் சந்தைப் பகுதி. ஒரு காலத்தில் கசாப்புக் கூடங்களும் இறைச்சிக் களஞ்சியங்களும் நிறைந்திருந்த தெருக்கள். 1985இல் 'புளோரன்' என்ற சாப்பாட்டுக் கடை அங்கே திறந்தபோது பலரும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். 1999இல் 'பாஸ்டிஸ்' வந்தது, 2004இல் ஸ்பைஸ் மார்க்கெட். ரெஸ்டூரண்டுகள் கூட்டத்தைக் கொண்டுவந்தன. கூட்டத்தின் பின்னால் ஆடம்பர ஹோட்டல்களும் துணிக்கடைகளும் வந்தன, அவற்றின் பின்னால் வாடகை உயர்ந்தது. வாடகைப் பிணக்கில் புளோரன் 2008இல் மூடப்பட்டது. பாஸ்டிஸ் 2014இல் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறியது. ஸ்பைஸ் மார்க்கெட் 2016இல் மூடப்பட்டது. தெருவை அழகாக்கியவர்கள் போனார்கள். கட்டட உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

அதே 2016இல் சிங்கப்பூரின் சைனாடவுன் சந்தைத் தொகுதியில், இரண்டு சிங்கப்பூர் டொலர் அளவில் கோழிச் சோறு விற்ற சான் ஹோன் மெங்கின் சிறு கடைக்கு மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. 2021இல் அந்த நட்சத்திரம் போய்விட்டது. சோற்று வியாபாரம் போகவில்லை.

மேலே அலங்காரச் செலவான 180 இலட்சத்தை ஐந்து வருடத்துக்குப் பிரித்தோம். ஆனால் கையில் இருக்கும் குத்தகை ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு என்றால், அந்தச் செலவை 24 மாதத்தில்தான் பிரிக்க வேண்டும். மாதம் 3 இலட்சம் என்பது ஏழரை இலட்சமாகும்; தினம் வர வேண்டிய 39 பேர் 47 ஆவர். சுவரில் பதித்த மரத்தையும் கூரையில் தொங்கும் விளக்கையும் கழற்றிக்கொண்டு போக முடியாது. ஆகவே தச்சரை அழைப்பதற்கு முன் சட்டத்தரணியை அழையுங்கள். குறைந்தது ஐந்து வருடக் குத்தகை, புதுப்பிக்கும் உரிமை, வருடாந்த வாடகை உயர்வின் வீதம் ஆகிய மூன்றையும் உறுதியில் எழுத்தாக்கி, உறுதியைப் பதிவும் செய்துகொள்ளுங்கள். உரிமையாளர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்த இடத்தில் மடக்குக் கதிரையும் வெள்ளைச் சுவருமாகப் பகல் சாப்பாட்டுக் கடை போடலாம். அதற்கு ஒரு மணித்தியாலக் கணக்கு மேலே இருக்கிறது.